பச்சை மண்ணின் தாகம்

"மத்ததெல்லாம் சரிதான்டி. உயிர்தான் இல்ல."

வேலிக்கு அப்பால் போன யாரோ ஒருத்தி சொன்னாள். தன் மண்பொம்மையைத்தான் சொல்கிறாள் என்று நாச்சிக்குப் புரிந்துவிட்டது.

கேளுங்கள். வெகுகாலத்துக்கு முன், ஏரிகள் சூழ்ந்த ஒரு நாட்டில் வாழ்ந்த உப்பு வணிகன் சாத்தனின் மனைவி இந்த நாச்சி. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, நாலு பெண்களோடு சேர்ந்து பொம்மை செய்யப் பழக வந்தாள். சொல்லிக்கொடுத்தவள் குயவர் வீட்டு வெள்ளச்சி. நாச்சியின் மகள் வயதுதான் அவளுக்கு.

முதல் நாளே வெள்ளச்சி சொல்லியிருந்தாள்: "சூளையில வெந்து வந்த பிறகுதாம்மா கண் திறக்கணும். பச்சை மண்ணுக்குத் தாகம் அதிகம். முன்னாடியே கண்ணைத் திறந்துட்டா, பார்த்ததைக் குடிச்சிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். நாச்சியும் சிரித்தாள்.

ஆனால் வேலிக்கு அப்பால் கேட்ட சொல் அவளைத் தூங்கவிடவில்லை. வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஒரு கோழி செய்தாள். ஈரம் காயுமுன்னே முள்ளால் கண் திறந்தாள். அது சூளையில் வெந்து வந்ததும், "அடேயப்பா, கொத்த வருதே!" என்று தோழிகள் பின்வாங்கினார்கள். முற்றத்துக் கோழியோ, பொம்மைக்குக் கண் திறந்த நேரத்திலிருந்து ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. அந்தக் காலை அது பிறகு ஊன்றவே இல்லை.

அடுத்து ஓர் ஆடு. "இப்போ கத்தப்போகுது பாரேன்!" என்றார்கள். தொழுவத்து ஆடு வாயில் தழையோடு நின்றது. மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை.

கோழிக்கு நோய், ஆட்டுக்கு வெயில் என்று நாச்சி தனக்கே சொல்லிக்கொண்டாள்.

மூன்றாவது, கணவன். அந்நாட்டு அரசி வெள்ளச்சி வீட்டுக்குப் பொம்மை பார்க்க வரும் நாள் அது.

"மூக்கைக் கொஞ்சம் சின்னதாப் பண்ணு நாச்சி, அரசியம்மா பயந்துடப் போறாங்க" என்று சாத்தன் சிரித்தான்.

அவள் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு முள்ளை எடுத்துப் பொம்மையின் கண்ணைத் திறந்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. ஈ ஒன்று அவன் விழிமேல் உட்கார்ந்தது. இமை அசையவில்லை. பொம்மையின் விழிதான் ஈரமாய் மின்னியது.

பொம்மையோடு நாச்சி வெள்ளச்சியிடம் ஓடினாள். அங்கே அரசி வந்திருந்தாள். பொம்மையைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இதில் உயிர் இருக்கிறதே! உடனே சுட்டுக் கொடுங்கள். இனி என் அரண்மனைக்குப் பொம்மை செய்பவள் இவள்தான்."

வெள்ளச்சி நாச்சியை ஓரமாய் இழுத்தாள். "யாரும்மா இது?" என்று நாச்சியின் காதில் கேட்டாள்.

"என் வீட்டுக்காரர்."

"இன்னும் வேகல. தண்ணியில கரைச்சிட்டா, குடிச்சதைத் திருப்பிக் கொடுத்துடும். வெந்துட்டா யாராலும் முடியாது."

சூளைக்காரன் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

புகழை விரும்புகிறவர், அதற்காக யாருடைய உயிர் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கேட்டவர்களே, இக்கதையின் நீதி அவ்வளவுதான்.

நாச்சி அரசியின் கையிலிருந்து பொம்மையைப் பிடுங்கினாள். மண் குழைக்கும் தொட்டித் தண்ணீரில் அதைத் துள்ளத் துள்ள அமுக்கி, விரலிடுக்கில் சேறாகும்வரை பிசைந்தாள்.