சான்றிதழில் யார் கையெழுத்து

"பூட்டின வழியிலதானே தோழர் கடிதம் வருது? அப்புறம் எப்படிக் கம்பெனிக்காரன் படிக்கிறான்?"

கேட்டவர் தணிகாசலம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தொழிலாளர் சங்கச் செயலாளர். கேட்டது மெஹருன்னிஸாவிடம். செல்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர்; பேச்சும் அந்தக் கடையில்தான். சங்கத்தின் மின்னஞ்சல் சர்வரும் அவர் பொறுப்பு. தணிகாசலத்தின் மகளைவிட வயதில் சின்னவர். இவரிடம் பாடம் கேட்க வேண்டியிருக்கிறது என்று ஒப்புக்கொள்ளவே தணிகாசலத்துக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. சங்கத்தின் கோரிக்கை மனுவில் முதலில் பெயர் கொடுத்தவர்கள் ஏழு பெண்கள். மனு கம்பெனிக்குப் போகுமுன்பே ஏழு பேருக்கும் வேலை போயிற்று. அந்தப் பட்டியல் தணிகாசலத்தின் மின்னஞ்சலைத் தவிர வேறெங்கும் இல்லை. நாளைக் காலை இன்னும் முப்பத்து மூன்று பெண்கள் தங்கள் பெயரை அதே வழியில் அனுப்ப இருந்தார்கள்.

போன மாதமே மெஹருன்னிஸா 143 என்ற போர்ட்டை, சர்வரின் ஒரு வாசலை, மூடியிருந்தார். அதில் கடிதம் அஞ்சலட்டை மாதிரி எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டு வரும். இனி 993 மட்டும்; அதில் உறைபோட்டு ஒட்டித்தான் வரும் என்று சொல்லியிருந்தார்.

"அதையும் அடைச்சிடுங்க" என்றார் தணிகாசலம்.

மெஹருன்னிஸா மடிக்கணினியில் ஏதோ தட்டினார். பிறகு அவர் செல்பேசியைக் கடையின் வைஃபையில் சேர்த்து அஞ்சலைத் திறக்கச் சொன்னார்.

தணிகாசலம் சேர்த்தார். திரையில் ஒரு கட்டம் வந்தது. அழுத்தினார். அஞ்சல் திறந்தது.

மெஹருன்னிஸா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார். அதில் தணிகாசலத்தின் கடவுச்சொல், எழுத்து எழுத்தாக.

தணிகாசலம் திரையைக் குனிந்து பார்த்தார். "பூட்டை உடைச்சிட்டீங்களா?"

"இல்ல. இந்த மடிக்கணினி 'நான்தான் சங்கத்து சர்வர்'னு சொல்லுச்சு, நீங்க உள்ள விட்டீங்க. இப்ப ஒரு கட்டத்தை அழுத்தினீங்களே, அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

அவருக்குத் தெரியவில்லை. துண்டறிக்கையின் அடியில் அச்சகத்தின் பெயர் வரை படிக்கிற மனிதர். அந்த இரண்டு வரியை மட்டும் படித்ததில்லை.

"கம்பெனி கேன்டீன் வைஃபைலயும் இந்தக் கட்டம் வருமா?" என்று மெஹருன்னிஸா கேட்டார்.

"தினம் வரும். வந்தா அழுத்துங்கன்னு நான்தான் எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன்."

"இதுதான் சங்கத்து சர்வர்னு காட்டுற சான்றிதழ்ல கையெழுத்து யாரோடது?"

"நம்மோடதுதான்."

அதுவும் தணிகாசலத்தின் முடிவு. நமக்கு எவன் சான்று தருவது என்று கமிட்டியில் கேட்டார். கைதட்டினார்கள். தனக்குத் தானே கையெழுத்திட்ட சான்றிதழைச் செல்பேசி நம்பாது; அதனால்தான் தினம் அந்தக் கட்டம்.

"கூட்டத்துக்கு ஒருத்தன் வர்றான். நான் சங்கத்து ஆளுங்கிறான். விடுவீங்களா?"

"யாரு அனுப்பினான்னு கேப்பேன்."

"நானே என்னை அனுப்பினேங்கிறான்."

"அப்ப நம்ம சான்றிதழும் அதேதான்" என்றார் தணிகாசலம். ஒரு டீ கேட்டார்.

வெளியார் கையெழுத்திடும் சான்றிதழுக்கு எழுதிப் போடச் சொன்னார். டீ வந்து ஆறுவதற்குள் அது வந்துவிட்டது; இனி நிஜச் சர்வரில் அந்தக் கட்டம் வராது. கடவுச்சொல்லையும் மாற்றிக்கொண்டார்.

மெஹருன்னிஸா மறுபடியும் கடை வைஃபையில் சேரச் சொன்னார். மடிக்கணினி இன்னும் சர்வர் வேஷத்தில்தான் இருந்தது; அதே கட்டம் வந்தது. விரல் பழக்கத்தில் போயிற்று, பாதியில் நின்றது. தணிகாசலம் உதடசைத்துப் படித்தார்: 'இந்தச் சர்வர் யாருடையது என்று உறுதிசெய்ய முடியவில்லை.'

வேண்டாம் என்பதை அழுத்தினார். அஞ்சல் திறக்கவில்லை. மடிக்கணினியிலும் ஒன்றும் வரவில்லை.

அவர் அங்கேயே உட்கார்ந்து, நாளை பெயர் அனுப்ப இருந்தவர்களில் முதல் பெண்ணான குப்பம்மாளைக் கூப்பிட்டார். இனி அந்தக் கட்டம் வந்தால் அழுத்த வேண்டாம், உடனே எனக்குச் சொல் என்றார்.

நீங்கதானே தோழர் அழுத்தச் சொன்னீங்க என்று குப்பம்மாள் கேட்டது மெஹருன்னிஸாவுக்கும் கேட்டது.

"நான் சொன்னது தப்பும்மா."

முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து யாரும் கேட்காத சொல்.

தணிகாசலம் அடுத்த எண்ணைத் தேடினார். இன்னும் முப்பத்திரண்டு பேருக்கு அதைச் சொல்ல வேண்டும்.