கதவு திறந்த ஊருக்கு ஒரு திருத்தம்

பனையாற்றூருக்குப் பட்டப்பெயர் 'கதவு திறந்த ஊர்'. பேருந்து நடத்துநர்கள்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆளை இறக்குவார்கள். பெயர் வந்த விதத்தைக் கேளுங்கள். கடைசியில் தீர்ப்பு உங்களுடையது.

1978 கார்த்திகையில் ஒரு பகல். ஏரிக்கரை உடைந்து, தாழ்வான ஓடைக்கரைக்குள் தண்ணீர் புகுந்தது. அங்கிருந்த நாற்பது குடும்பங்களும் மேட்டுத்தெருவுக்கு ஏறி வந்தன. ஓடைக்கரையில் காலரா என்று முந்தின வாரமே ஊரில் பேச்சு. மேட்டுத்தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. தெருக்கோடியில் இடியாப்பம் விற்றுப் பிழைத்த சுலைகா பீவி மட்டும் தன் இரண்டு அறை வீட்டைத் திறந்துவிட்டார். அடுப்படி வரை ஆள் நிரம்பியது.

ஓடைக்கரையிலிருந்து ஏறி வந்தவர்களில் பேச்சியம்மாள் என்ற பெண், நடக்க முடியாத தகப்பனை முதுகில் சுமந்தபடி தெருவின் மறுகோடியிலிருந்து வந்தாள். பதினொரு கதவுகளைத் தட்டினாள். சுலைகாவின் வாசலை எட்டுவதற்குள் கிழவருக்கு மூச்சு நின்றுவிட்டது.

அதே தெருவில் வீடும் மருந்துக்கடையும் வைத்திருந்த ஞானதுரை, நாளிதழ் ஒன்றின் பகுதிநேர நிருபர். மழை விட்டதும் தபாலாபீசுக்குப் போய் டிரங்க் கால் போட்டுத் தொலைபேசியில் நாளிதழுக்குச் செய்தி சொன்னார். தெருவில் ஒரு முதியவர் இறந்ததைச் சொன்னார். "மேட்டுத்தெருவில் ஒரே கதவு திறந்தது" என்றும் சொன்னார். அதற்கு மேல் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. கம்பியில் அவ்வளவு இரைச்சல். மறுமுனையில் எழுதிக்கொண்டவர் காதில் 'ஒரே' என்பது 'ஊரே' என்று விழுந்திருந்தது. மறுநாள் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில்: 'ஊரே கதவு திறந்தது'. கிழவரின் சாவு கீழே ஒரு வரி.

டீக்கடையில் அதைப் படித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"பேப்பர்லயே போட்டுட்டான். இல்லேன்னு சொன்னா அவனுக்குல்ல அசிங்கம்?" என்றார் ஒருவர். நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிப்பு நீளவில்லை. அந்த வாரமே கலெக்டரிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. பட்டப்பெயர் நிலைத்தது.

ஞானதுரை திருத்தம் எழுதினார். தபாலில் போடும் முன் சுலைகாவைப் போய்ப் பார்த்தார்.

"அக்கா, திறந்தது நீங்க. பேரு தெருவுக்குப் போயிருச்சு. திருத்தம் அனுப்பட்டுமா?"

"பேரை வச்சு நான் இடியாப்பமா புழியப்போறேன்? விடுங்க தம்பி. இவ்வளவு புகழ்ச்சியையும் வாங்கிட்டு, அடுத்த தடவை கதவைச் சாத்தக் கை கூசும்ல? அது போதும்."

திருத்தம் மேசை இழுப்பறைக்குள் போனது. பேச்சியம்மாளை அவர் போய்ப் பார்க்கவில்லை.

தெருக்குழாயடியில் பேச்சு வேறு மாதிரி வளர்ந்தது. "ஊரே தொறந்து கெடந்துச்சாம். மகாராணி அப்பனை வச்சுக்கிட்டு நல்ல வீடாப் பொறுக்கிட்டு நின்னாளாம்." வெளியூரில் மில் வேலையில் இருந்த பேச்சியம்மாளின் அண்ணன், அந்தச் செய்தித்தாளோடுதான் தகப்பன் காரியத்துக்கு வந்தான். "இத்தனை கதவு தொறந்திருந்தும் எப்படிடீ விட்டே?" என்று கேட்டான். அவள் சொன்ன பதிலை அவன் நம்பவில்லை. அச்சில் இருந்ததை நம்பினான். அதோடு அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டான்.

ஏழு ஆண்டு கழித்து மறுபடியும் ஏரி உடைந்தது. இந்த முறை மேட்டுத்தெருவில் எல்லாக் கதவுகளும் திறந்தன, ஞானதுரையின் கதவும்தான். ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஊர் எல்லையில் அலங்கார வளைவு கட்ட நகராட்சி முடிவு செய்தது. 'கதவு திறந்த ஊர்' என்று மேலே, '1978' என்று கீழே.

கல்லில் எழுத்து வெட்டிக்கொண்டிருந்த வாரத்தில் பேச்சியம்மாள் மருந்துக்கடைக்கு வந்தாள்.

"அண்ணன் டி.பி.யில கெடக்குது சார். போறதுக்குள்ள என்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். நடந்ததை எழுதுங்க."

"இப்ப எழுதினா பேரே பொய்னு ஆயிரும்மா. அடுத்த வெள்ளத்துல எவன் திறப்பான்? உங்க ஆளுங்களையே நெனச்சுப் பாரு."

"நான் தட்டினதுல ஏழாவது கதவு உங்களுது. நீங்க ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தீங்க. அதை எழுதச் சொல்லலை சார். நான் தட்டினேன்னு மட்டும் எழுதுங்க."

எத்தனை கதவு திறந்தது என்று ஞானதுரையால் அன்று எண்ணிச் சொல்ல முடிந்தது, அந்த ஜன்னலில் நின்றதால்தான். கையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

சுலைகா தன் புகழை விட்டுக்கொடுத்து ஊரைத் திருத்தப் பார்த்தார், ஊரும் திருந்தியது. திருந்திய ஊரைக் கலைக்க வேண்டாம் என்கிறார் ஞானதுரை. பல உயிர்களைக் காத்த ஒரு பெயரை, தன் ஒருத்தியின் மானத்துக்காகத் திருத்தச் சொல்கிறாள் பேச்சியம்மாள். இவர்களில் நியாயம் யார் பக்கம்?

விடை: பேச்சியம்மாள் பக்கம். சுலைகா கொடுத்தது தன்னுடைய புகழை. அதற்கு அவருக்கு உரிமை உண்டு. பேச்சியம்மாளின் மானம் அவர் கொடுக்கக்கூடிய பொருள் இல்லை. அப்படி ஒன்று பறிபோகிறது என்று அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை. ஞானதுரை, சரி என்று சொல்லக்கூடியவரிடம் மட்டும் அனுமதி கேட்டார்; ஊரின் பெயரால் காப்பாற்றியது தன் கதவை. இரண்டாம் வெள்ளத்தில் திறந்த கதவுகள் உண்மையானவை. பட்டப்பெயருக்கு அவை போதும், 1978 தேவையில்லை. இது ஞானதுரைக்கும் தெரிந்திருந்தது. மூன்றாம் நாள் திருத்தம் அச்சில் வந்தது. ஆறு வரி. ஏழாவது கதவு யாருடையது என்பதும் அதில் இருந்தது. பேச்சியம்மாள் அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய்ப் படிக்கக் கொடுத்தாள். அண்ணன் இரண்டு முறை படித்தான். பிறகு கட்டிலில் சுவரோரமாக ஒதுங்கி, அவள் உட்கார இடம் விட்டான்.