சன்னாசி கல்யாணத்தன்று விடியாத பொழுது

பொட்டல்குடிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று சுற்றுப்பட்டில் பேசிக்கொள்வது அபாண்டம். ஆளுக்கொன்று உண்டு. எடுத்துப் புழங்காததால் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஊர்ச் சன்னாசிக்கு முப்பத்தெட்டு வயசில் பெண் அமைந்தது. பேர் வைத்த ராசியோ என்னவோ, பார்த்த இடமெல்லாம் தட்டிப்போய், கொல்லையில் ஒரு கருப்புக் கோழியை வளர்த்துக்கொண்டு தனியாகப் பொங்கித் தின்றவன். மேலக்குளத்துப் பவளக்கொடி சரி என்றுவிட்டாள் என்று கேட்டதும் அழுதே விட்டான். அழுத கையோடு, ஊரில் மிச்சமிருந்த ஒரே சேவலை விலை பேசி வாங்கி, வீடு பார்க்க வந்த சம்பந்திகளுக்குக் குழம்பு வைத்தான்.

மாமனார் குருந்தப்பன் எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார். "கல்யாணம் எங்க ஊர்ல. ஒம்பதுலருந்து பத்தரைக்குள்ள முகூர்த்தம். பொழுது விடிஞ்சதும் கிளம்பி வந்துருங்க மாப்ள. விடியறதுக்கு முன்னாடி மட்டும் கிளம்பிறாதீங்க, ஓடைப்பாலம் இடிஞ்சு கெடக்கு."

நாட்டாமை வெள்ளையப்பன் இதை மூன்று தரம் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார்.

சேவல் போன வீட்டில் பெட்டைக்குத் தலைக்கனம் ஏறும் என்பார்கள். ஊரிலேயே சேவல் இல்லாமல் போனதும் சன்னாசியின் கருப்பிக்கு என்னவோ ஆகிவிட்டது. முதலில் தொண்டையில் மீன்முள் சிக்கியது போல் இருமியது. பிறகு கதவுக் கீல் மாதிரி முனகியது. பக்குவம் வரட்டும் என்று காத்திருந்ததோ என்னவோ, கல்யாணத்தன்று கருக்கலில் கூரைமேல் ஏறி நின்று, கழுத்தை நீட்டி, "கொக்கரக்கோ" என்று சுத்தமாகக் கூவிவிட்டது.

பட்டுவேட்டி கட்டி, தாலியை மடியில் பத்திரமாக முடிந்துகொண்டு வாசலில் நின்ற சன்னாசி கூரையை அண்ணாந்து பார்த்தான். வண்டி ஏற வந்த சனமெல்லாம் நாட்டாமையைப் பார்த்தது.

"பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா?" என்றார் நாட்டாமை.

"விடியாது" என்றார்கள் எல்லாரும்.

"அப்ப இன்னிக்கு விடியலை. விடியாமக் கிளம்பக் கூடாதுன்னு சம்பந்தி கண்டிசனா சொல்லியிருக்காரு. போய்ப் படுங்க."

சனம் மறுபேச்சில்லாமல் போய்ப் படுத்துக்கொண்டது. மேய்ச்சலுக்குக் கிளம்பிய ஆடுகளை, ராத்திரியில் என்ன ஊர்சுற்றல் என்று திட்டிப் பட்டியில் அடைத்தார்கள்.

சன்னாசிக்கு மட்டும் படுக்கை கொள்ளவில்லை. கிழக்கே வெள்ளையாக ஒன்று எழும்பி வந்து, வாசலில் போட்டிருந்த பந்தலின் ஓட்டை வழியாக அவன் முகத்தில் அடித்தது. அக்காள் புருசன் சோணைமுத்துவைத் தட்டி எழுப்பினான். சோணைமுத்து நாலு ஊர் சுற்றியவர். நாலு ஊரிலும் விரட்டிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

"மச்சான், அந்தா தெரியறது என்ன?"

சோணைமுத்து கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். "நிலா."

"சுடுதே?"

"பக்கத்துல வந்திருக்கும். பேசாமப் படு."

"வேர்க்குது மச்சான்."

"கல்யாண மாப்பிள்ளைக்கு வேர்க்காம எனக்கா வேர்க்கும்?"

இருட்டில் மாப்பிள்ளை பயப்படக் கூடாது என்று ஒரு பெட்ரோமாக்ஸைக் கொளுத்திப் பந்தலில் மாட்டினார்கள். வெளிச்சம் போதவில்லை என்று இன்னொன்றும் வந்தது. அப்படியும் விளக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. மண்ணெண்ணெயில் கலப்படம் என்று முடிவாயிற்று.

மணி எட்டரைக்குப் பால்காரர் சைக்கிளில் வந்து, "என்னப்பா, இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டார். அர்த்த ராத்திரியில் பால் கறந்து திரிகிற ஆளை நம்பக் கூடாது என்று நாட்டாமை கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒன்பதாயிற்று. சன்னாசிக்குப் பொறுக்கவில்லை. மடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். இந்தப் பெண்ணும் போய்விட்டால் இனி எந்த ஊரில் தேடுவது? நாட்டாமை வீட்டுக் கதவைத் தட்டி, "ஏதாச்சும் செய்யுங்க" என்று கெஞ்சினான்.

பஞ்சாயத்துக் கூடியது. கூவின பெட்டையை உடனே அறுத்துவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். சோணைமுத்து அரிவாளோடு வந்துவிட்டார். கருப்பி பாட்டுக்குச் சன்னாசியின் காலடியில் தவிடு பொறுக்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருசமாக, சாப்பிட்டாயா என்று அவன் கேட்க இருந்த ஒரே உயிர் அது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கோழியைப் பிடித்துக் கொடுத்தான்.

"நில்லு! விளக்கு வச்சப்புறம் அருவா எடுக்கக் கூடாது, தெரியுமில்ல?" என்றார் நாட்டாமை. பந்தலில் இரண்டு பெட்ரோமாக்ஸ் புஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தன.

"அப்ப எப்ப அறுக்கிறது?" என்றார் சோணைமுத்து.

"விடிஞ்சதும்."

"இதை அறுத்தாத்தானே விடியும்?"

நாட்டாமை நெடுநேரம் யோசித்தார். "அது கஷ்டம்தான்" என்றார்.

இதற்குள் மேலக்குளத்தில் மாப்பிள்ளையைக் காணாமல் குருந்தப்பனுக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்து, ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "கட்டிக்கப்போறவ நான், எனக்குத் தெரியாம என்ன பேச்சு" என்று கூறைப்புடவையோடு பவளக்கொடியும் ஏறி உட்கார்ந்தாள். இடிந்த பாலத்தைச் சுற்றிக்கொண்டு அவர்கள் வந்து இறங்கியபோது மணி பத்து.

"என்னய்யா நடக்குது இங்க?" என்று குருந்தப்பன் கத்தினார்.

"மெதுவாப் பேசுங்க சம்பந்தி. ஊரு தூங்குது" என்றார் நாட்டாமை.

விஷயத்தைக் கேட்டதும் குருந்தப்பன் தலையில் அடித்துக்கொண்டார். சூரியனைக் காட்டினார். நிலா என்றார்கள். கடிகாரத்தைக் காட்டினார். ராத்திரியிலும் பத்து மணி உண்டே என்றார்கள். "வா புள்ள போகலாம், இந்தக் கூட்டத்துல உன்னைக் குடுக்கிறதுக்குப் பதிலா கெணத்துல தள்ளலாம்" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தார்.

சன்னாசி பெட்ரோமாக்ஸ் அடியில், மாலையும் கழுத்துமாக, அழுதுகொண்டு நின்றான்.

பவளக்கொடி அவனைப் பார்த்தாள். தாலி முடிந்த மடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தான். அவளைப் பார்க்க வந்து, பார்த்துவிட்டு, பஜ்ஜி தின்றுவிட்டுப் போனவர்கள் ஒன்பது பேர். ஒருத்தன்கூட அவளுக்காக மூக்கைச் சிந்தியதில்லை.

"பெட்டைக்கோழி கூவினா விடியாதுன்னு சொன்னீங்களே, எத்தனை பெட்டை?" என்று நாட்டாமையைக் கேட்டாள்.

"எத்தனைன்னா? ஒண்ணுதான்."

"ரெண்டு கூவினா?"

நாட்டாமை சோணைமுத்துவைப் பார்த்தார். சோணைமுத்து கூட்டத்தைப் பார்த்தார். அதற்குப் பழமொழி யாருக்கும் தெரியவில்லை.

பவளக்கொடி கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கிடந்த உரல்மேல் ஏறி நின்று, "கொக்கரக்கோ!" என்று ஒரு கூவல் கூவினாள். சோணைமுத்து கையிலிருந்த கருப்பி பயந்துபோய், உதறிக்கொண்டு கூரையிலேறிப் பதிலுக்குக் கூவியது. இரண்டும் சேர்ந்து கூவியதில் ஊரே அதிர்ந்தது.

"ரெண்டுக்குத் தடை ஒண்ணும் சொல்லலை. விடிஞ்சிருச்சு!" என்றார் நாட்டாமை.

அடேயப்பா, என்ன சந்தோஷம்! கதவெல்லாம் திறந்தது. நிலா எப்போது போய்ச் சூரியன் வந்தது என்று ஆளாளுக்கு அதிசயப்பட்டார்கள். விடிந்ததும் முதல் வேலை பல் விளக்குவதுதானே? மொத்த ஊரும் வேப்பங்குச்சி ஒடிக்கப் போய்விட்டது, மாப்பிள்ளை உட்பட. மணி பத்து இருபது. பவளக்கொடி ஓடிப்போய்ப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தாள். சன்னாசி வாயில் வேப்பங்குச்சியோடு தாலி கட்டினான். பத்தரைக்கு ஒரு நிமிஷம் இருந்தது.

பந்தி சாயங்காலம்வரை நடந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்ள ஒரு நாழிகை கிடைக்கவில்லை. ராத்திரி ஆகட்டும் என்று சன்னாசி வெட்கத்தோடு காத்திருந்தான். அப்போதுதான் நாட்டாமைக்கு அந்தக் கவலை வந்தது.

"ஏப்பா, கூவி விடிய வச்சிட்டோம். யாரு கூவிச் சாய வைக்கிறது?"

ஊரே திரும்பிச் சூரியனைப் பார்த்தது. சாயவே சாயாவிட்டால் தன் கதி என்ன என்று சன்னாசி கழுத்து மாலையிலிருந்த பூவைப் பிய்த்தான்.

சோணைமுத்துதான் வழி கண்டுபிடித்தார். "வெளிய விட்டாக் கூவல். விடியுது. அதையே உள்ள இழுத்தாச் சாயும். இதுக்கு ஆம்பளை மூச்சு வேணும்."

ஆகவே புது மாப்பிள்ளை மேற்கே பார்த்து உரல்மேல் நின்று, வாயைப் பிளந்து, "கோ... க்ர... கொக்" என்று காற்றை உள்ளே இழுக்க ஆரம்பித்தான். கண் பிதுங்கியது. கழுத்து மாலை பாதிக்குமேல் வாய்க்குள் போய்விட்டது. கதவோரம் நின்ற பவளக்கொடி சிரிப்பை முந்தானையில் அமுக்கிக்கொண்டாள்.

வேனில் ஏறப்போன குருந்தப்பன் இறங்கி வந்தார். காலையிலிருந்து இந்த ஊர்ச் சோற்றைத் தின்றவர். மேற்கே ஒரு பார்வை பார்த்தார், மருமகனை ஒரு பார்வை பார்த்தார்.

"விட்றாதீங்க மாப்ள," என்றார். "பாதி இறங்கிருச்சு. இன்னும் ஒரே தம்!"