தீய சொல்லுக்குத் தடை

கடம்பாறை நாட்டு அரசர் மாறவேள் நல்லவர்தான். காதுதான் கொஞ்சம் இளகியது. கடைசியாக யார் பேசினார்களோ, அவர்கள் சொன்னதே அவருக்குச் சரியாகப் படும். அந்தக் காதருகே எப்போதும் நிற்பவர் பிரதானி வில்லவராயர்.

ஊர்ச் சந்தையில் ஒரு நெடுஞ்சுவர் இருந்தது. கையில் கரித்துண்டு இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். மாடு தொலைந்தாலும் சுவரில் வரும். மருமகள் கோபித்துக்கொண்டு போனாலும் சுவரில் வரும். அரண்மனைச் சேதியும் வரும். பல் துலக்கியதும் ஊர் முழுக்க அங்கேதான் போய் நிற்கும்.

ஒரு நாள் காலை அதில் இப்படி இருந்தது: "களஞ்சியத்து மூட்டையில் அரிசியைவிட வண்டு அதிகம்."

எழுதியவள் புட்டுக்கடை அமுதவல்லி. அரண்மனைக் காவலர்களுக்குப் புட்டு அவிக்க, களஞ்சியத்திலிருந்து வந்த அரிசியைச் சலித்தவள் அவள்தான். பஞ்ச காலத்துக்கென்று சேர்த்து வைத்த அரிசி அது. அந்த வருஷம் மழையும் பொய்த்திருந்தது. ஊர் கதிகலங்கிப் போயிற்று.

பிரதானி அரசரின் காதைக் கடித்தார். மதியத்துக்குள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. தெருத்தெருவாக முரசு முழங்கியது: "அரசரைப் பற்றியோ அரண்மனையைப் பற்றியோ தீய சொல் சொன்னாலும் எழுதினாலும் சிறை!"

முரசுச் சத்தம் அடங்குமுன்னே அமுதவல்லி சிறையில் இருந்தாள்.

அவையில் சீராளன் என்றொரு விகடகவி இருந்தான். தினமும் அமுதவல்லி கடைப் புட்டைத் தின்றுவிட்டுத்தான் அவைக்குப் போவான். சேதி கேட்டதும் சிறைக்கு ஓடினான்.

"ஐயா, நான் பொய் ஒண்ணும் எழுதலியே!" என்றாள் அவள்.

"பொய் எழுதியிருந்தால் விட்டிருப்பார்களே அம்மா" என்றான் சீராளன். சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

நேரே அவைக்குப் போனான். விளக்கு வைக்கும் நேரம். அரசர் அரியணையில் சாய்ந்திருந்தார்.

"பிரபு, ஒரு சந்தேகம். எது தீய சொல் என்று யார் முடிவு செய்வது?"

"நான்" என்றார் பிரதானி.

"முன்கூட்டியே சொல்லிவிடுவீரா?"

"நீர் சொன்ன பிறகு சொல்வேன்."

"அப்படியானால் களஞ்சியத்தையாவது ஒரு தடவை திறந்து காட்டுங்கள். ஊர் வாய் தானாக மூடிக்கொள்ளும்."

"அது ராஜ ரகசியம்!"

"எது ரகசியம்? அரிசியா, வண்டா?"

"சீராளா!" என்று அதட்டினார் அரசர். "கட்டளை கட்டளைதான். இனி என் முன்னாலும் தீய சொல் வரக்கூடாது. வந்தால் நீயும் அந்தப் புட்டுக்காரிக்குத் துணையாகப் போவாய்!"

சீராளன் தலை குனிந்தான். குனிந்த கண்ணில் ஒன்று பட்டது. அரசர் கோபத்தில் கையை வீசியபோது, அவருடைய அங்கவஸ்திரத்தின் நுனி பக்கத்திலிருந்த குத்துவிளக்கில் விழுந்திருந்தது. சரிகை மெல்லப் பற்றிக்கொண்டது.

அவன் வாய் திறந்தது. சட்டென்று மூடிக்கொண்டது. கை கழுவ வைத்திருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அரசரை ஒட்டி நின்றான்.

"பிரபு, தங்கள் அங்கவஸ்திரம் என்றும் இல்லாத பிரகாசத்தோடு இருக்கிறது."

"காஞ்சிபுரத்துச் சரிகை" என்றார் அரசர், பெருமையாக.

"பிரகாசம் கூடிக்கொண்டே வருகிறது, பிரபு."

"அப்படியா?"

"ஒளி இப்போது தங்கள் தோளை நோக்கிப் புறப்பட்டுவிட்டது."

அரசருக்குக் கருகல் வாடை அடித்தது. திரும்பிப் பார்த்தார். "ஐயோ!" என்று துள்ளி எழுந்தார். அதற்குள் செம்புத் தண்ணீர் முழுவதும் அவர் மேல் கொட்டிவிட்டது.

சொட்டச் சொட்ட நின்றார் அரசர். "மடையா! 'தீ' என்று கத்தத் தெரியாதா உனக்கு?"

"தெரியும் பிரபு. ஆனால் 'தீ'யைவிடத் தீய சொல் தமிழில் உண்டா? அதைத்தான் தடை செய்துவிட்டீர்களே!"

அரசர் அவையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "நீங்களும் பார்த்தீர்களா?"

ஒருவர் தவறாமல் தரையைப் பார்த்தார்கள்.

அரசர் கருகிய நுனியைக் கையில் எடுத்தார். குரல் இறங்கிவிட்டது. "எனக்குத் தெரியாமல் இன்னும் என்னவெல்லாம் எரிகிறது, சீராளா?"

"களஞ்சியச் சாவி பிரதானியின் இடுப்பில் இருக்கிறது, பிரபு."

அப்போதே களஞ்சியம் திறந்தது. ஊர் பார்க்கத்தான் திறந்தது. முதல் மூட்டையை அவிழ்த்ததும் அரிசி தானாக நடந்து வெளியே வந்தது, அத்தனை வண்டு! களஞ்சியத்துக்கு வரவேண்டிய புது அரிசியெல்லாம் பிரதானியின் மச்சான் வீட்டில் இருந்தது. அது வண்டி வண்டியாகத் திரும்பியது. பிரதானியும் மச்சானும் சிறைக்குப் போனார்கள். அமுதவல்லி வெளியே வந்தாள். இனி மாதந்தோறும் களஞ்சியக் கதவு மக்களுக்குத் திறக்கும் என்று முரசு முழங்கியது. சுவரும் பழையபடி ஊருக்கு வந்தது.

மறுநாள் அரசரே சுவரைப் பார்க்கப் போனார், சீராளனோடு. பெரிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: "விடியற்காலையில் அரசர் பாடுவதால் தெற்கு வீதியில் பால் திரிகிறது."

அரசர் முகம் சிவந்தது. "இதை மட்டும் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிடலாமா?"

"மறைக்கலாம் பிரபு. ஆனால் பாடியது சுவர் இல்லையே!"

அரசர் முறைத்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். தோளில் கிடந்த புதுச் சால்வையைக் கழற்றிச் சீராளனுக்குப் போர்த்தினார்.

"நீ சொல்வது சரி. நாளை முதல் ஊருக்கு வெளியே மாந்தோப்பில் பாடுகிறேன். நீதான் உண்மையை மறைக்காதவன். தினமும் விடியலில் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி வரை கேட்டுச் சொல்!"