பாதி இழுத்த துப்பாக்கி

கடுக்காய்ப்பாறைக்கு மேலே, தகரம் வேய்ந்த ஒற்றை அறையில் ஒரு சாமி இருந்தார். நல்லமுத்து சாமி என்று பெயர். வயது நாற்பத்தொன்பதுதான். இருபது வருடம் ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்த்தவர். ஒருநாள் கருவிப்பெட்டியை ஒப்படைத்துவிட்டு மலையேறி வந்தார். பிறகு இறங்கவில்லை. ஏன் வந்தார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

அவரிடம் வந்து உட்காருகிறவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களில் மூத்தவர் பரஞ்சோதி. அறுபத்துமூன்று வயது. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையின் கீழ்ச்சரிவில் அவருக்கு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம், அதன் நடுவே ஓர் ஓட்டு வீடு. அதில் அவரும் மனைவி குணவதியும் மட்டும். கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது.

ஒரு வியாழக்கிழமை காலை பரஞ்சோதி தோளில் நீளமான பை ஒன்றை மாட்டிக்கொண்டு ஏறி வந்தார். குணவதியும் கூட வந்திருந்தார். சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வழக்கம்போல் அவரைக்காய்ப் பந்தலுக்குப் போய்விட்டார். அங்கே காய் முற்றிக் கிடந்தது.

பரஞ்சோதி பையைத் திறந்து துப்பாக்கியை எடுத்து வைத்தார். முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை. பம்ப் ஆக்‌ஷன் என்பார்கள்.

"உள்ள தோட்டா இருக்கா?" என்றார் சாமி.

"இல்லை சாமி."

சாமி அதை வாங்கி, முன்பிடியைப் பின்னால் இழுத்து, தோட்டா நிற்கும் இடத்தில் சுண்டுவிரலை விட்டுத் தடவினார்.

"இல்லைன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. நானும் பாத்துக்கிட்டேன்."

பரஞ்சோதி காலிப் பையை மடித்து வைத்தார். பிறகு சொன்னார்: "இதைக் குடுத்துட்டு இரட்டைக்குழல் வாங்கிரலாமான்னு யோசிக்கறேன் சாமி. உங்களுக்குத் தெரியாத துப்பாக்கி இல்லை. வீட்டுக் காவலுக்கு எது நல்லது?"

"இதுக்கு என்ன?"

"இதுல ஒரு குறை இருக்கு."

"குறை இருக்கட்டும். முதல்ல நிறையைச் சொல்லுங்க. எதுக்காக இதை வாங்கினீங்க?"

எதற்காக வாங்கினார் என்பது சாமிக்கும் தெரியும், மலைக்கே தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், காலை பதினோரு மணிக்கு, இரண்டு பேர் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். குணவதி செம்போடு வருவதற்குள் ஒருவன் அரிவாளை உருவிவிட்டான். முற்றத்துத் துணிக்கொடியை அறுத்துப் பரஞ்சோதியை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார்கள். பீரோச் சாவியை எடுக்கத் தாமதமானது என்று குணவதியை ஒருவன் ஓங்கி அறைந்தான். இடது காதில் விழுந்தது அடி. செவிப்பறை கிழிந்துவிட்டது. வலது காது ஏற்கெனவே மந்தம். அன்றிலிருந்து அந்த அம்மாளிடம் எதையும் சத்தம் போட்டுத்தான் சொல்லவேண்டும்.

அவர்கள் போனபிறகு கட்டை அவிழ்த்துவிட்டதும் குணவதிதான். காதிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. "அழாதீங்க" என்று புருஷனைத் தேற்றிக்கொண்டே அவிழ்த்தார்.

அந்த 'அழாதீங்க' பரஞ்சோதியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. ஒன்றரை வருடம் அலைந்து உரிமம் வாங்கினார். பிறகு துப்பாக்கி வாங்கினார்.

"நிறை நிறைய இருக்கு சாமி" என்று விரல் மடக்கத் தொடங்கினார். "இரட்டைக்குழல்ல ரெண்டு வெடிதான். இதுல அஞ்சு தோட்டா நிக்கும்."

"உண்மைதான்."

"சின்னக் குண்டுகளாச் சிதறும். குறி கொஞ்சம் தப்பினாலும் பரவாயில்லை."

"அது வெளியில. வீட்டுக்குள்ள பத்தடியில சுட்டா உள்ளங்கை அகலம்கூடச் சிதறாது. பலகைச் சுவரா இருந்தா அந்தப் பக்கமும் போகும். அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னு அதுக்குத் தெரியாது. அப்புறம்?"

"முன்பிடியை இழுக்கற சத்தம் போதும், வந்தவன் ஓடிருவான்னு கடைக்காரர் சொன்னார்."

சொன்ன கையோடு பரஞ்சோதியே தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தச் சத்தம் கேக்கறதுக்குக் காது வேணும்" என்றார், தனக்குள் சொல்வதுபோல.

"இப்பக் குறையைச் சொல்லுங்க."

"முழுசா இழுக்கணும். பதற்றத்துல பாதி இழுத்துத் தள்ளினா தோட்டா ஏறாது. விசையை அழுத்தினா வெறும் 'டக்'குதான். இரட்டைக்குழல்ல அந்த வம்பே இல்லை."

"உங்களுக்கு அப்படி ஆச்சா?"

"ஆச்சு."

"எப்ப?"

பரஞ்சோதி பந்தல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

மூன்று வாரத்துக்கு முன்பு. மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி வீட்டை மூடிவிட்டது. பின்கதவை யாரோ தள்ளுகிற சத்தம் கேட்டு எழுந்தார். கட்டிலில் குணவதி இல்லை. முன்னறையில் இருப்பாள் என்று நினைத்தார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"யாரு?" என்று கத்தினார். பதில் இல்லை. மறுபடி கத்தினார். பதில் இல்லை. கதவு திறந்தது. பனிக்குள்ளிருந்து தலையோடு கறுப்புக் கம்பளி போர்த்திய உருவம் ஒன்று உள்ளே காலை வைத்தது.

இழுத்தார், தள்ளினார், அழுத்தினார்.

டக்.

உருவம் கம்பளியை விலக்கியது. மடி நிறையச் சௌசௌக்காய். "முழிச்சிட்டீங்களா? கொடியில இத்தனை காய்ச்சிருக்கு பாருங்க" என்றது.

பரஞ்சோதி சொல்லி முடித்தார்.

சாமி துப்பாக்கியை அவர் கையில் கொடுத்தார். "பாறைப் பக்கம் திரும்பி நின்னு பத்துத் தடவை இழுங்க."

இழுத்தார். பத்து முறையும் கடைசிவரை போய் வந்தது. ஒன்றுகூடப் பிசகவில்லை.

"வீட்டுல எத்தனை தடவை பழகியிருப்பீங்க?"

"ஆயிரம் இருக்கும். ஒருதடவைகூடப் பாதியில நின்னதில்லை. அன்னைக்கு மட்டுந்தான் கை..." அவர் நிறுத்தினார். "குறை என் கையிலதான் போலிருக்கு சாமி. துப்பாக்கியில இல்லை."

"எது குறை?"

"பாதி இழுத்தது."

சாமி பந்தலைக் காட்டினார். "நீங்க குறைன்னு சொல்றது அங்க நின்னு அவரைக்காய் பறிக்குது."

பரஞ்சோதி பார்த்தார். குணவதி நுனிக்காலில் எம்பி, எட்டாத ஒரு கொத்துக்குக் கைநீட்டிக்கொண்டிருந்தார். எட்டவில்லை. கொடியை வளைத்துப் பிடித்துவிட்டார். அந்தச் சின்ன வெற்றிக்கு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

பரஞ்சோதி துப்பாக்கியைக் கீழே வைத்தார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். மூன்று வாரமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அழுகை அடங்கியதும் சாமி கேட்டார்:

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. துப்பாக்கியைத் துடைச்சுக்கிட்டு இருக்கேன்னு நினைச்சுட்டா."

"கூட்டிட்டு வாங்க."

"சாமி, வேண்டாம். தாங்க மாட்டா."

"கூட்டிட்டு வாங்க."

கூப்பிட்டால் கேட்காது. போய்த் தோளைத் தொட்டு அழைத்து வந்தார். குணவதி மடியில் காயோடு உட்கார்ந்தார்.

"என்ன சாமி?"

"ஐயா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றார் சாமி, உரக்க.

பரஞ்சோதி வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"என்னங்க? கேக்கலை."

"அன்னைக்கு... பனி இறங்கின அன்னைக்கு..."

"சத்தமாச் சொல்லுங்க."

"நான் உன்னைச் சுட்டுட்டேன்" என்று கத்தினார் பரஞ்சோதி. "திருடன்னு நினைச்சு விசையை அழுத்திட்டேன். தோட்டா ஏறலை. ஏறியிருந்தா நீ இல்லை!"

பாறையில் மோதி அவர் குரல் திரும்பி வந்தது. மலையில் இவ்வளவு உரக்க யாரும் எதையும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

குணவதி மடியிலிருந்த காய்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்:

"எவ்வளவு தூரத்துல நின்னீங்க?"

"ஒன்பதடி நாலங்குலம்" என்றார் பரஞ்சோதி, அதே உரத்த குரலில்.

"அளந்தீங்களா?"

"மறுநாள் அளந்தேன். நீ குளிக்கப் போனப்ப."

குணவதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "மூணு வாரமா நீங்க தட்டுல பாதியை மிச்சம் வைக்கறீங்க. குழம்புல கைப்பக்குவம் போயிருச்சோன்னு நான் கிடந்து மண்டையை உடைச்சுக்கறேன்."

"அன்னைக்கு உன்னை அறைஞ்சப்ப நான் உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன் குணவதி. அதனாலதான் இதை வாங்கினேன். இனிமே ஒருத்தன் உன்மேல கை வைக்கக் கூடாதுன்னு. கடைசியில நானே..."

"கட்டிப் போட்டிருந்தா வேற என்ன பண்ணுவீங்க?"

"கட்டறதுக்கு முன்னால எந்திரிச்சிருக்கணும்."

"எந்திரிச்சிருந்தா வெட்டியிருப்பான்." குணவதி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "அவன் கையைப் பாத்தேன் நான். நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. நடுங்கற கையில அரிவாள். நீங்க ஒரு அசைவு அசைஞ்சிருந்தா போட்டிருப்பான். கயிறு இறுக்கினது எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. அப்பாடா, இனி இவர் எந்திரிக்க மாட்டாருன்னு."

குணவதி மடியிலிருந்த காயைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார்.

"அந்தக் கயித்தைத்தான் முடிச்சுப் போட்டு மறுபடி கொடி கட்டியிருக்கேன். புதுசு வாங்கித் தாரேன்னு நீங்க எத்தனை தடவை கேட்டீங்க? மனசு வரலை. துணி காயப் போடறப்பல்லாம் அதை ஒரு தொடு தொட்டுக்குவேன்."

இரண்டு வருடம் அந்தக் கொடியைப் பார்க்கும்போதெல்லாம் பரஞ்சோதி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். தன் கேவலம் கட்டித் தொங்குவதாக நினைத்திருந்தார். இப்போது மனைவியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமி இருக்கிறார் என்ற கூச்சம்கூட அவருக்கு வரவில்லை.

குணவதி சாமியிடம் திரும்பினார். "சாமி, இந்தத் துப்பாக்கி எங்க வீட்டுல இருக்கலாமா?"

"உரிமம் இருக்கு. சட்டப்படி இருக்கலாம்."

"சட்டத்தைக் கேக்கலை."

"குழல் உங்க பக்கம் திரும்பி இருந்தது அம்மா. நீங்கதான் சொல்லணும்."

குணவதி யோசித்தார். "கீழ ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருவோம். போற வழிதானே? பின்கதவுக்கு ஒரு நல்ல தாழ்ப்பாள் போடணும். அப்புறம், நான் வெளிய போயிட்டு வந்தா பாடிக்கிட்டே வர்றேன். நான்னு உங்களுக்குத் தெரியும்."

"உனக்குப் பாட வராதே."

"அதுதான் நல்லது. வேற யாரும் அப்படிப் பாட முடியாதுல்ல?"

சாமி வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பரஞ்சோதி பார்த்ததில்லை.

குணவதி அவரைக்காயில் பாதியைச் சாமியின் முறத்தில் கொட்டிவிட்டு, மீதியை முடிந்துகொண்டு எழுந்தார். வெயில் ஏறுமுன் இறங்கவேண்டும் என்று முன்னால் நடந்தார். பத்தடி போவதற்குள் பாடவும் தொடங்கிவிட்டார். பாறை ஓரம் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று தலைதூக்கிப் பார்த்தது.

பரஞ்சோதி துப்பாக்கியைப் பையில் போட்டுத் தோளில் மாட்டினார். கிளம்பவில்லை.

"சாமி."

"ம்."

"ரெண்டு தடவை சாவு வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கு. முதல் தடவை என் கை கட்டியிருந்தது. ரெண்டாவது தடவை கை தப்பாப் போச்சு. ரெண்டுலயும் நான் செஞ்சது ஒண்ணுமில்லை. ஆனா இத்தனை கிடைச்சிருக்கு. இதுக்கு யாருக்குன்னு நன்றி சொல்றது? எப்படிச் சொல்றது?"

சாமி பாதையைப் பார்த்தார். குணவதியின் பாட்டு முதல் திருப்பத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"பனி காயலை. இறக்கம் வழுக்கும். அம்மா தனியாப் போறாங்க" என்றார். "துப்பாக்கி தோள்ல தொங்குது. உங்க கை ரெண்டும் இப்பச் சும்மாதானே இருக்கு? போங்க."