நகராத யானை

கேளுங்கள். மலைகளுக்கு இன்னும் பெயர் வைத்து முடியாத காலத்தில், கொடிமலை நாட்டைக் கோவரையன் என்ற அரசன் ஆண்டு வந்தான். நல்ல அரசன்தான். அவனுக்கு இருந்த பைத்தியம் ஒன்றே ஒன்று, சதுரங்கம். அதிலும் ஆட்டத்தின் கடைசிக் கட்டம்.

தனக்குப் பிடித்த கடைசிக் கட்டங்கள் மூன்றை அவன் அரண்மனைக் கூடத்தில் மூன்று பலகைகளில் அடுக்கி வைத்திருந்தான். அவற்றை யாரும் தொடக் கூடாது.

முதல் பலகையில் இரண்டு ராஜாக்கள் ஆளுக்கொரு சிப்பாயோடு எதிரெதிரே நின்றார்கள். யார் முதலில் நகர வேண்டுமோ அவருக்குத்தான் தோல்வி. இரண்டாம் பலகையில் ஓரத்துச் சிப்பாய் ஒன்று தனியாகக் கடைசி வரிசைக்கு நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் பலகையில் மூலையில் மாட்டிய ராஜாவை ஒரு சிப்பாய் வீழ்த்தியிருந்தது.

அந்தக் காலத்து வழக்கம் ஒன்றுண்டு. எதிரி ராஜாவை யானையால் வீழ்த்தினால் வெற்றி. சிப்பாயால் வீழ்த்தினால் பெருவெற்றி. பெருவெற்றி பெற்றவன் பெயரை ஊர் ஊராகப் பாடுவார்கள்.

கோவரையனின் ஒரே மகன் இளவேட்டன். சிறு வயதில் மூன்றாம் பலகையைப் பார்த்து அவன் கேட்டான். "அப்பா, இங்கே யானை சும்மாதானே நிற்கிறது? அதை நகர்த்தியிருந்தால் அப்போதே முடிந்திருக்குமே?"

கோவரையன் சிரித்தான். "யானையை வைத்துக்கொண்டு எவன் வேண்டுமானாலும் ஜெயிப்பானடா."

மகன் வளர்ந்தான். ஆற்றுக்கு அக்கரை நாட்டோடு போர் மூண்டது. அக்கரை அரசன் மருதையன் இளவேட்டனைச் சிறைபிடித்துக்கொண்டு போனான்.

கோவரையன் பொன் அனுப்பினான், திரும்பி வந்தது. குதிரைகள் அனுப்பினான், திரும்பி வந்தன. மூன்றாவதாகச் சதுரங்கப் பலகை ஒன்றை அனுப்பினான். அது திரும்பி வரவில்லை. மருதையனுக்கும் அதே பைத்தியம்.

ஆற்றின் நடுத்திட்டில் பந்தல் போட்டார்கள். பேச்சு இதுதான்: கோவரையன் ஜெயித்தால் மகன் வீட்டுக்குப் போவான். மருதையன் ஜெயித்தால் கொடிமலைக் கோட்டை அவனுக்கு. யாருக்கும் வெற்றியில்லை என்றால் கோட்டையும் மகனும் இருந்த இடத்திலேயே இருக்கும். மறு ஆட்டம் கிடையாது.

அன்று காலை கோவரையனின் மனைவி பூதையம்மை மகனுக்குப் பிடித்த புளியங்கறி வைத்தாள். மூன்று பேருக்கு இலை நறுக்கி வைத்தாள்.

பந்தலில் இளவேட்டன் மருதையனுக்குப் பின்னால் நின்றான். கைதி பேசக் கூடாது என்பது கட்டளை. அவன் மெலிந்திருந்தான்.

ஆட்டம் நடந்தது. உச்சிவேளைக்குள் மருதையனிடம் ராஜாவைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. அதுவும் ஒரு மூலைக் கட்டத்தில் கிடந்தது. கோவரையனிடம் ராஜா, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிப்பாய்கள், தூரத்தில் ஒரு யானை. யானைக்கு வழி திறந்திருந்தது. நேரே ஒரு ஓட்டம் ஓடி எதிரியின் கடைசி வரிசையில் நின்றால் கதை முடிந்தது.

கோவரையன் யானையை நோக்கிக் கையை நீட்டினான்.

மருதையன் மெல்லச் சொன்னான்: "யானையா? முடியுங்கள், முடியுங்கள். எங்கள் ஊர்ப் பொடியன்களும் இப்படித்தான் முடிப்பார்கள்."

கோவரையனின் கை நின்றது. மூன்றாம் பலகை அவன் கண்முன் வந்தது. இரண்டு சிப்பாய்களும் தோதாகத்தான் நிற்கின்றன. மகனும் வருவான், பாட்டும் வரும். அவன் யானையை விட்டுவிட்டுத் தன் ராஜாவை ஒரு கட்டம் முன்னே வைத்தான். மருதையனின் ராஜா மூலையை விட்டுப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தது.

இரண்டாம் முறையும் யானைக்கு வழி திறந்திருந்தது. எதிரி மறுபடி மூலைக்குள் போகட்டும் என்று கோவரையன் யானையைச் சும்மா ஒரு கட்டம் பக்கவாட்டில் தள்ளினான்.

"யானைக்குக் கால் வலியோ?" என்றான் மருதையன். அவன் ராஜா மூலைக்குத் திரும்பியது.

மூன்றாம் முறையும் வழி திறந்திருந்தது. இளவேட்டன் யானையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு துடித்தது. தன் ஆட்டத்தின் நயத்தை மகன் ரசிக்கிறான் என்று கோவரையன் எண்ணிக்கொண்டான்.

அவன் ஒரு சிப்பாயை முன்னே வைத்தான். எதிரி தப்பிப் போக இருந்த ஒரே கட்டமும் அடைபட்டது. அடுத்த சிப்பாய் ஒரு அடி வைத்தால் பெருவெற்றி.

மருதையன் பலகையை நெடுநேரம் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான்.

"என் ராஜாவை எதுவும் தாக்கவில்லை, கோவரையரே. ஆனால் அவன் போவதற்கு ஒரு கட்டமும் இல்லை. நகர்த்த வேறு காயும் என்னிடம் இல்லை. இந்த ஆட்டம் யாருக்கும் இல்லை."

கோவரையன் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். எல்லாக் கட்டங்களையும் அவனேதான் அடைத்திருந்தான்.

காவலர்கள் இளவேட்டனின் தோளைத் தொட்டார்கள். இனிப் பேசலாம் என்று மருதையன் தலையசைத்தான்.

"நன்றாக ஆடினீர்கள் அப்பா," என்றான் மகன். "அம்மாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள்."

கோவரையன் தனியே வீடு திரும்பினான். பூதையம்மை வாசலில் நின்றாள். அவன் பின்னால் யாரும் வரவில்லை என்பதைப் பார்த்தாள். அவளுக்குச் சதுரங்கம் அரைகுறையாகத்தான் தெரியும்.

"கடைசியில் உங்கள் கையில் என்ன மிஞ்சியிருந்தது?"

"யானை இருந்தது."

அவள் உள்ளே போய் ஒரு இலையை மட்டும் எடுத்துச் சுருட்டி வைத்தாள்.

இரண்டு மழைக்காலம் கழிந்து, சிறையில் வந்த காய்ச்சலில் இளவேட்டன் இறந்துபோனான்.

கோவரையன் மூன்று பலகைகளையும் கலைத்தான். ஒன்றில் மட்டும் ஆற்றுத் திட்டு ஆட்டத்தை அடுக்கினான். மூலையில் எதிரி ராஜா, இரண்டு சிப்பாய்கள், தூரத்தில் யானை. தினமும் விடிந்ததும் அவன் யானையை நேரே ஓட்டிக் கடைசி வரிசையில் வைப்பான். சற்று நேரம் பார்ப்பான். பிறகு பழைய இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டுப் போவான்.

ஆகையால் கேட்டவர்களே, அன்புக்குரியவரை மீட்கப் போகிற இடத்தில் புகழையும் சேர்த்துத் தேடுகிறவன் இரண்டையும் இழப்பான்.