குறைக்கக் குறைக்க ஏறிய மீட்டர்

ஒரு காட்டில், பாறை வெடிப்பிலிருந்து எரிவாயு ஓயாமல் வந்துகொண்டிருந்தது. அந்த வெடிப்பை ஒரு நரி வளைத்துப் போட்டுக்கொண்டது. மூங்கில் குழாய் பதித்து, வளைக்கு வளை வாயு கொடுத்தது. எரிந்ததை அளக்க வாசல்தோறும் ஒரு புது மீட்டர். யூனிட்டுக்கு ஒரு கிழங்கு விலை.

அது பனி கொட்டும் மலைக்காடு, குழந்தைகளே. அங்கே ஒரு முள்ளம்பன்றி தன் ஒற்றைக் குட்டியோடு இருந்தது. மற்ற தாய்கள் குட்டியை அணைத்துக் குளிர் போக்கும். உடம்பெல்லாம் முள்ளாக இருப்பது எப்படி அணைக்கும்? அதற்கு அடுப்பை விட்டால் வேறு கதியில்லை.

முதல் மாதம் நரி வந்து மீட்டரைப் பார்த்தது. "நாற்பது. எடு அம்மணி, நாற்பது கிழங்கு."

முள்ளம்பன்றி கொடுத்தது.

மறுமாதம், "ஐம்பத்தைந்து!" என்றது நரி.

"நரியாரே, போன மாதத்தைவிடக் குறைவாகத்தானே எரித்தேன்?"

"நானா சொல்கிறேன்? மீட்டர் சொல்கிறது. கண் இருக்கிறதல்லவா, நீயே பார். கிழங்கு வராவிட்டால் குழாயைப் பிடுங்கிவிடுவேன்."

மீட்டரில் ஐம்பத்தைந்து என்றுதான் இருந்தது. மேற்கொண்டு கேட்க முள்ளம்பன்றிக்குக் கூச்சம். கொடுத்துவிட்டது.

அடுத்த மாதம் தீயைத் திரியளவுக்குக் குறைத்தது. மீட்டர் அறுபது காட்டியது. 'குறைக்கக் குறைக்க ஏறுகிறதே!' என்று மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தது. இருந்த கிழங்கையெல்லாம் துடைத்துக் கொடுத்துவிட்டு, குழாயை அடியோடு மூடியது.

"அம்மா, குளிருதும்மா."

"பொறு கண்ணே, இந்த ஒரு மாதம்தான்."

குட்டி பொறுத்தது. பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டது.

நாலாம் மாதமும் நரி வந்தது. "அறுபது கிழங்கு!"

"அடுப்பையே மூட்டவில்லையே!" என்று முள்ளம்பன்றி அலறியது. சத்தம் கேட்டுப் பக்கத்து வளைக் கீரி ஓடி வந்தது.

"போன மாதம் மீட்டரில் எத்தனை இருந்தது அக்கா?"

"அறுபது."

"இன்றைக்கும் அறுபது. அப்படியானால் இந்த மாதம் நீ எரித்தது ஒன்றுமே இல்லை. இன்றைய எண்ணிலிருந்து போன மாத எண்ணைக் கழித்தல்லவா கொடுக்க வேண்டும்! நாலு மாதத்துக்கும் சேர்த்தே அறுபதுதான். நீ எவ்வளவு கொடுத்தாய்?"

"நூற்றைம்பத்தைந்து."

கீரி பல்லைக் காட்டிச் சீறியது. "ஏன் நரியாரே, என்னிடம் மட்டும் கழித்துத்தானே வாங்குகிறீர்?"

"நீ கேட்டாய், கழித்தேன். இந்த அம்மணி கேட்கவில்லையே!"

கீரி விடவில்லை. அன்று மாலைக்குள், நரி கூடுதலாக வாங்கிய தொண்ணூற்றைந்து கிழங்கும் வாசலில் வந்து குவிந்தன. கீரியே குழாயைத் திறந்து அடுப்பை மூட்டியது. தீ குபுகுபுவென்று எரிந்தது.

"எழுந்திரு அக்கா. முதலில் குட்டிக்கு ஒரு கிழங்கு சுட்டுக் கொடு."

முள்ளம்பன்றி அசையவில்லை.

"இனி அதற்குக் குளிராது தம்பி. மண்ணில் வைத்து மூன்று நாளாயிற்று."

நீதி: ஏமாந்து கொடுத்த பொருள் ஒருநாள் திரும்பி வரலாம், கேட்கக் கூசி இழந்தது வராது.